மனச்சோர்வு இருக்கும்போது தியானம்: எனக்கு நோய் கூடிப்போச்சு, உங்களுக்கு எப்படி?

தோப்புவீடு (கொழிஞ்சாம்பாறை), வியாழன் இரவு 9.40

வணக்கங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன். இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உட்கார்ந்திருக்கேன்.

எனக்கு 43 வயசு. தென்னந்தோப்புதான் பிழைப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா தவறினார். அதுக்கு மூணு மாசம் கழிச்சு எனக்குத் தூக்கம் போச்சு. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் கண்ணு மூடாது. சோறு மண்ணு மாதிரி இருக்கும். தோப்புக்குள்ள போனா எதுக்கு வந்தோம்னு மறந்துபோய் மோட்டார் ரூம் திண்ணையில உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரிதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. மனச்சோர்வுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. முதல் மூணு வாரம் வயித்துப் பிரட்டல் தவிர ஒண்ணும் தெரியல. அப்புறம் மெல்லத் தூக்கம் வந்துச்சு. அஞ்சாவது மாசம் ஒருநாள் தோப்புல நின்னு ஆளுங்களைச் சத்தம் போட்டு வேலை வாங்கினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ சமையக்கட்டுல நின்னு அழுதிருக்கா. அப்புறம்தான் சொன்னா.

அப்படியே விட்டிருக்கலாம். சொந்தத்துல பெரியவர் ஒருத்தர், "மாத்திரை பிடிச்சா விடாது, மனசுக்கு மருந்து மனசுலதான் இருக்கு, தியானத்துக்குப் போ"ன்னார். நல்ல எண்ணத்துலதான் சொன்னார். நானும் டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்திட்டு, பேசாம இருக்கிற முகாம் ஒண்ணுக்குப் போனேன். எந்த முகாம்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். விண்ணப்பத்துல மனசுக்கு மருந்து எடுக்கறீங்களான்னு கேள்வி இருந்துச்சு. அதுதான் நிறுத்திட்டோமேன்னு இல்லைன்னு எழுதினேன்.

முதல் மூணு நாள் கால் வலியோட போச்சு. நாலாவது நாள் கண்ணை மூடினா அப்பா படுத்திருந்த கட்டில். சலைன் பாட்டிலுக்குக் கீழ சொட்டு விழுமே, அந்த இடம் மட்டும் பெருசாத் தெரியும். மூச்சைக் கவனின்னு சொல்றாங்க, எனக்கு அவர் மூச்சுதான் கேட்குது. "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு போயிருந்தா." இந்த ஒரே பேச்சு, செக்கு மாடு மாதிரி உள்ள சுத்துது. நாளுக்குப் பத்து மணி நேரம் அதைத் தவிர வேற வேலையே இல்லை. அங்க இருந்தவர்கிட்ட சொன்னேன். "உள்ள இருக்கிறது மேல வருது, விடாம பாருங்க"ன்னார். நானும் விடாம பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நிலைமையை விட மோசம். காய் போட ஆளுங்க வந்து வாசல்ல நிக்கறாங்க. நான் சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கேன். பையன் வெளிய போய் "அப்பாவுக்குக் காய்ச்சல்"னு சொல்லிட்டு வந்தான். பதினொரு வயசுப் பையனைப் பொய் சொல்ல வெச்சுட்டேன்.

இதுல தப்பு தியானத்து மேலயா, எம்மேலயா? தியானம் மனசுக்கு நல்லதுன்னு ஊரெல்லாம் சொல்லுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? யாருக்காவது நடந்திருந்தா சொல்லுங்க.


வாளையார்க்காத்து (கஞ்சிக்கோடு), வியாழன் இரவு 10.15

உங்களுக்கு மட்டும் இல்லைங்கண்ணா. நான் போனில் ஒரு தியானம் போட்டு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்தால் அழுகை வரும். யாரிடமும் சொன்னதில்லை, இப்போதான் எழுதுகிறேன்.


சித்தூர்_செவிலி (சித்தூர் தாலுகா, பாலக்காடு), வெள்ளி காலை 6.20

அண்ணா, நைட் டியூட்டி முடிந்து வந்து உங்கள் பதிவைப் படித்தேன். மனநலப் பிரிவில் பதினான்கு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: உங்கள் மேல் தப்பில்லை. தியானத்தில் நிலைமை மோசமாவது அபூர்வமும் இல்லை. 2020ல் 83 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். தியானம் செய்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல் ஏதோ ஒரு பாதகமான அனுபவம் இருந்தது. அதில் அதிகம் வந்தது பதற்றம், அடுத்தது மனச்சோர்வு. பேச்சு வழிச் சிகிச்சையிலும் ஏறக்குறைய இந்த அளவுக்குச் சிலருக்கு மோசமாவதுண்டு. அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், அதுதான் வித்தியாசம்.

மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. நம்மாட்கள் ரெண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வேலை நெருக்கடி, கடன், தூக்கக் குறைவு என்று தவிக்கிறவருக்கு இருபது நிமிஷம் மூச்சைப் பார்த்து உட்கார்ந்தால் ஆறுதல் கிடைக்கும். மனச்சோர்வில் விழுந்தவர் கண்ணை மூடினால் நடப்பது வேறு. அந்த நோயின் வேலையே அசை போடுவதுதான். மாடு ஒரு பிடி வைக்கோலை ராத்திரி முழுக்க மெல்லுமே, அப்படி ஒரு குற்ற உணர்ச்சியை மனசு மென்றுகொண்டே இருக்கும். கண் திறந்திருந்தால் வெளிச்சம், ஆள், வேலை என்று நடுவில் ஏதாவது குறுக்கே வந்து அதை நிறுத்தும். கண்ணை மூடி, பேச்சையும் நிறுத்தி, வேலையையும் எடுத்துவிட்டால் அசை போடுவதற்கென்றே ஒரு இடம் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிறது. "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு போயிருந்தா" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

இன்னொன்று. மனச்சோர்வுக்குத் தியானம் நல்லது என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்கிறார்களே, அந்த ஆய்வுகள் யாரை வைத்து நடந்தன என்று பாருங்கள். ஜான் கபாட்-ஜின் 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் எட்டு வார மனக்கவன (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதை மனச்சோர்வுக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று பேர். 2000ல் வந்த அவர்களுடைய ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் முன்பு மனச்சோர்வு வந்து, குணமாகி நின்றவர்கள். மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்து போனவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் திரும்ப வந்தது. பயிற்சி எடுத்தவர்களுக்கு 37 சதவீதம். ரெண்டு தடவை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை. 2015ல் இங்கிலாந்தில் 424 பேரை ரெண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி எடுத்து மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்தது. ஏறக்குறைய சமம். மருந்தைக் குறைத்ததும் டாக்டர் துணையோடு.

இவர்கள் எல்லோரும் கிணற்றிலிருந்து ஏறி வந்து மேலே நின்றவர்கள். திரும்ப உள்ளே விழாமல் இருக்கக் கைப்பிடிச் சுவர் கட்டுவதுதான் அந்தப் பயிற்சி. உள்ளே கிடக்கிறவருக்கு முதலில் வேண்டியது கயிறு.

இன்றே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்திய தேதி, முகாம், நாலாவது நாள் நடந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். முன்பே எடுக்கவில்லை என்றால் தைராய்டும் பி12ம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மாத்திரையைப் பழைய அளவில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.


கொழுந்துக்கூடை (மூணாறு), வெள்ளி மதியம் 1.05

சித்தூர் அக்கா சொன்ன சொல் குழப்பம் எங்க மலையில இன்னும் பெருசு. எங்கம்மா 26 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. ரிட்டையர் ஆகி ஒரு வருஷத்துல ஆளே மாறிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் நல்லவர்தான், மலையாளத்துல தன்மையா "மனசில் விஷமம் உண்டோ அம்மே"ன்னு கேட்டார். அவங்க ஊர்ல விஷமம்னா வருத்தம். அம்மா பதறிப்போய், "நான் யாருக்கும் ஒரு விஷமமும் பண்ணலையே சார்"னாங்க. அவருக்குப் புரியல. பக்கத்துல நின்ன எனக்கும் அந்த நேரத்துல எடுத்துச் சொல்ல வரல. தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

அப்புறம் தெரிஞ்ச ஒருத்தங்க "தியானத்துக்குக் கூட்டிட்டுப் போ"ன்னாங்க. நான் கண்ணை மூடி உட்கார்றதுன்னு நினைச்சேன். கேரளாவுல தியானம் கூடறதுன்னா பல பேருக்கு அது சர்ச் வழியா நடக்கிற ஜெப நாட்கள். பாட்டு, பிரசங்கம், கூட்டம். அம்மா போனாங்க. நாங்க கிறிஸ்தவங்க இல்ல, ஆனா அங்க யாரோ ஒரு அம்மா இவங்க கையைப் பிடிச்சுட்டே உட்கார்ந்திருந்தாங்களாம். திரும்பி வந்து ஒரு வாரம் நல்லா சாப்பிட்டாங்க. அது தியானத்தாலயா, அந்தக் கையாலயான்னு எனக்கு இன்னும் தெரியல. அதுக்கப்புறம் பழையபடி.

கடைசியில சுகாதாரப் பணியாளர், ஆஷா அக்கா ஒருத்தங்க வீட்டுக்கு வந்து ஒன்பது கேள்வி கேட்டாங்க. கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் தூக்கம் வரல, எத்தனை நாள் எதுலயும் நாட்டமில்ல, இந்த மாதிரி. தமிழ்ல, நிறுத்தி நிதானமா. அம்மாவுக்கு 27க்கு 17 வந்துச்சு. அங்க இருந்துதான் சரியான வழி கிடைச்சது. இப்ப பரவால்ல.


சித்தூர்_செவிலி, வெள்ளி மாலை 4.30

கொழுந்துக்கூடை, அது கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய நடக்கிற ஆஸ்வாசம் திட்டமாக இருக்கும். 10ஓ அதற்கு மேலோ வந்தாலே கவனித்துப் பார்ப்போம். 17 என்பது நிச்சயம் சிகிச்சை வேண்டிய அளவு. கேள்வி கேட்கிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த யாரையாவது கேட்டு வாங்குங்கள். நம் பாஷையில் நம் வருத்தத்தைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்களே வார்டில் "விஷமம்" என்ற சொல்லைத் தமிழ் நோயாளிகளிடம் தவிர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.


ஆழியாற்றங்கரை (மீனாட்சிபுரம்), வெள்ளி இரவு 8.50

தோப்புவீடு தம்பி, படித்து மனசு கஷ்டப்பட்டது. ஆனால் "தியானம்" என்று மொத்தமாகச் சொல்லி இதை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

19 வருஷமாக மனவளக்கலை செய்கிறேன். ஆழியாறு அறிவுத்திருக்கோயிலில் பயிற்சி எடுத்தவன். வேதாத்திரி மகரிஷி வகுத்த முறையில் எடுத்த எடுப்பில் பத்து மணி நேரம் உட்கார வைக்க மாட்டார்கள். முதலில் உடற்பயிற்சி. கை, கால், மூச்சு என்று உடம்பைத் தயார் செய்த பிறகுதான் தீட்சை. புருவ நடுவில் மனசை நிறுத்தும் ஆக்கினை தவம் செய்து நெற்றியில் அழுத்தம் கூடினால் அதை இறக்கத் தனியாகச் சாந்தி தவம் இருக்கிறது. ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தியானத்தால் தொந்தரவு வரும் என்று இன்றைக்கு ஆய்வுகள் சொல்வதை நம் மரபு வெகுநாளாக அறிந்தேதான் வைத்திருக்கிறது. "விடாம பாருங்க" என்று சொன்னவருக்கு இறக்கத் தெரியவில்லை.

என் தங்கை மகனுக்கு இதே நோய் வந்தபோது நான் தவத்தில் உட்கார வைக்கவில்லை. தினமும் உடற்பயிற்சி மட்டும் சேர்ந்து செய்தோம். மாத்திரையை ஒருநாளும் தடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவனே கேட்டான், அப்போதுதான் சொல்லிக் கொடுத்தேன்.


எல்லைவாசி (வேலந்தாவளம்), வெள்ளி இரவு 11.20

எல்லாரும் சுத்திச் சுத்தி மாத்திரைக்கே வர்றீங்க. பெரிய மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸே ஆராய்ச்சி பண்ணி ஸ்கை தியானம் மாத்திரைக்குச் சமம்னு சொல்லியிருக்கு. ஆழியாறு ஐயாவோட மனவளக்கலையும் ஸ்கைதானே? அப்புறம் எதுக்கு மருந்து? ஊர்ல பாதிப் பேருக்கு மாத்திரை எழுதித்தான் இந்த நிலைமை.


சித்தூர்_செவிலி, சனி காலை 7.10

எல்லைவாசி அண்ணா, அந்த ஆய்வு உண்மை. ஆனால் ரெண்டு ஸ்கை இருக்கிறது. மனவளக்கலையையும் ஆங்கிலச் சுருக்கத்தில் ஸ்கை என்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வில் வந்தது சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி, அது வேறு.

2000ல் வெளியானது. 45 நோயாளிகள், பதினைந்து பதினைந்தாக மூன்று குழு. ஒரு குழுவுக்கு மின் அதிர்வுச் சிகிச்சை, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒன்றுக்கு அந்த மூச்சுப் பயிற்சி. நாலு வாரம். குணமானவர்கள் மின் அதிர்வில் 93 சதவீதம், மாத்திரையில் 73, மூச்சுப் பயிற்சியில் 67. மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது, மறுக்கவில்லை, எனக்கும் அது சந்தோஷமான சேதிதான். ஆனால் அந்த நாற்பத்தைந்து பேரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தவர்கள். டாக்டர்கள் கண் முன்னால் நடந்தது. வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தனியாகப் போய் வாய் பேசாமல் உட்கார்ந்தது அல்ல. பதினைந்து பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கையும்கூட.

"பாதிப் பேருக்கு மாத்திரை" என்றீர்கள். அதே நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று வந்தது. நான் வார்டில் பார்ப்பதும் அதுதான். வருகிறவர்கள் எல்லோரும் ரெண்டு வருஷம் தாமதமாகத்தான் வருகிறார்கள்.


எல்லைவாசி, சனி காலை 9.30

நான் முழுசாப் படிக்காம தலைப்பு மட்டும் பார்த்துப் பேசிட்டேன் தங்கச்சி. எங்கண்ணனும் மாத்திரை எடுத்தான். அவன் ஒரே தூக்கமா இருந்தது, குண்டானது எல்லாம் பார்த்து வந்த கோபம் அது.


சித்தூர்_செவிலி, சனி காலை 9.45

அந்தக் கோபம் நியாயமானதுதான் அண்ணா. தூக்கமும் எடையும் கூடினால் அதை டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். சொல்லாமலே பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒருநாள் மொத்தமாக நிறுத்துவதுதான் ஆபத்து. தலைச்சுற்றல், எரிச்சல், உடம்பில் ஷாக் அடித்த மாதிரி உணர்வு எல்லாம் வரும். அதைப் பார்த்து "பாரு, அடிமையாக்கிவிட்டது" என்பார்கள்.


நகரித்தறி (நகரி), சனி மதியம் 2.15

ஆந்திரா பக்கத்திலிருந்து எழுதறேன். எங்க வீட்டில் ஆறு பவர்லூம். சின்ன வயசிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன். எனக்கு இந்த நோய் வந்தப்போ டாக்டர் மருந்தோட சேர்த்து நடக்கச் சொன்னார். மௌனம் எனக்கு ஆகவே ஆகாது, சத்தம் நின்னா பயம் வரும்.

அதனால் வாரம் ஒரு தடவை திருப்பதிக்குப் போய் அலிபிரியிலிருந்து மலை ஏறினேன். மூவாயிரத்து ஐந்நூறு படிக்கு மேலே. வேண்டுதல்னு ஒண்ணும் இல்லை. படி, அடுத்த படி, அவ்வளவுதான். பாதி வழியில் மூச்சு வாங்கும்போது அந்த மூச்சைத் தவிர வேற எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு வேளை அதுதான் எனக்குத் தியானமோ என்னமோ. முழங்கால் கெட்டவங்க செய்ய வேண்டாம்.


சித்தூர்_செவிலி, சனி மாலை 6.00

இதற்கும் ஆய்வு இருக்கிறது அண்ணா. 2014ல் 47 ஆய்வுகள், 3,500க்கு மேல் ஆட்கள். தியானம் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஓரளவு உதவுகிறது, ஆனால் உடற்பயிற்சியை விடவோ மருந்தை விடவோ மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வந்தது. உங்களுக்குப் படி சரி. ஆழியாறு ஐயாவுக்குத் தவம் சரி.


மழைக்குருவி, ஞாயிறு அதிகாலை 1.40

இதெல்லாம் படிச்சேன். நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல். ரெண்டு மாசமா தியானம் பண்றேன், ஒண்ணும் ஆகல. அதுகூட எனக்கு வரலன்னா நான் எதுக்கு இருக்கணும்னு தோணுது.


தோப்புவீடு, ஞாயிறு அதிகாலை 1.46

கண்ணு, நான் முழிச்சுட்டுதான் இருக்கேன். இப்ப ரூம்ல யார் இருக்காங்க? பக்கத்துக் கட்டில்ல ஆள் இருந்தா எழுப்பும்மா. திட்டினாலும் பரவால்ல, எழுப்பு. 14416க்கு போன் போடு. டெலி மானஸ், அரசாங்கத்து நம்பர், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். சித்தூர் அம்மிணி போன வருஷம் வேற ஒரு இழையில இந்த நம்பரைப் போட்டிருந்தாங்க, அதைப் பார்த்து நானும் போட்டிருக்கேன். போட்டுட்டு இங்க வந்து ஒரு எழுத்து போடு. நான் போக மாட்டேன்.


தோப்புவீடு, ஞாயிறு அதிகாலை 2.05

இருக்கேன் கண்ணு.


மழைக்குருவி, ஞாயிறு அதிகாலை 2.31

ரூம்மேட்டை எழுப்பிட்டேன். அவதான் போன் போட்டா. பேசினேன். வார்டன் மேடமும் வந்திருக்காங்க. காலையில அக்கா வர்றா.


சித்தூர்_செவிலி, ஞாயிறு காலை 6.40

இப்போதான் பார்த்தேன். மழைக்குருவி, நன்றி, எழுப்பியதற்கு. தியானம் "வரலை" என்பது உன் குறை இல்லைம்மா. காய்ச்சல் 103 இருக்கிறவளை ஓடச் சொன்னால் ஓட முடியுமா? அக்கா வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதே. எந்த ஊர் என்று எனக்குத் தனிச் செய்தியில் சொல்.

தோப்புவீடு அண்ணா, நீங்கள் டாக்டரைப் பார்த்தீர்களா?


தோப்புவீடு, அடுத்த மாதம், செவ்வாய் மாலை 5.30

தாமதமா எழுதறதுக்கு மன்னிச்சுக்கங்க. அந்தத் திங்கக்கிழமையே போனேன். டாக்டர் திட்டல. பேனாவைக் கீழ வெச்சுட்டு நாலாவது நாள் நடந்ததை முழுசாக் கேட்டார். மாத்திரை திரும்ப ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆச்சு. இந்தத் தடவை நல்லானதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் எடுக்கணும், அப்புறம்தான் குறைக்கறதைப் பத்திப் பேச்சுன்னார். வாரம் ஒரு நாள் கவுன்சிலிங். முதல் நாளே அந்தம்மா "ரெண்டு நாள் முன்னாடி"ங்கறதைப் பத்திக் கேட்டாங்க. அப்பாவுக்கு இருந்த வியாதிக்கு ரெண்டு நாள் என்ன மாத்தியிருக்கும்னு அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டயே போய்க் கேட்கச் சொன்னாங்க. கேட்டேன். ஒண்ணும் மாறியிருக்காதுன்னார். ரெண்டு வருஷமா இதைக் கேட்கத் தோணல எனக்கு.

தியானம் விட்டாச்சான்னு கேட்டா, ஆழியாறு ஐயா, கண்ணை மூடறதை விட்டாச்சு. சாயங்காலம் தோப்புல சொட்டு நீர் திறந்துவிட்டுட்டு வரப்புல நிப்பேன். ஒவ்வொரு மரத்தடியிலும் மண்ணு முதல்ல கறுக்கும், அப்புறம் வட்டம் பெருசாகும். ஒரு மரத்துக்கு அதைப் பார்த்துட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். முதல் வாரம் சொட்டைப் பார்த்தா சலைன் பாட்டில் ஞாபகம் வந்துச்சு, திரும்பி வீட்டுக்கு வந்துட்டேன். இப்ப அஞ்சு மரம் வரைக்கும் முடியுது. கவுன்சிலிங் அம்மா அது போதும்னாங்க.

நேத்து காய் போட்டாங்க. நான்தான் நின்னு எண்ணினேன். பையன் கூட நின்னான்.


மழைக்குருவி, செவ்வாய் இரவு 8.10

நானும் இருக்கேங்கண்ணா. அக்கா வீட்ல. பரீட்சை அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்னு சொல்லிட்டாங்க.


தோப்புவீடு, செவ்வாய் இரவு 8.14

சாப்பிட்டியா கண்ணு?